சேணத்தின் திண்டு

கல்முனையில் மோட்டார் சைக்கிள் சீட் தைக்கும் ஒருவருக்குக் காதிலிருந்து தாடைவரை ஒரு தழும்பு. வருகிறவரைச் சீட்டில் உட்காரவைத்து, முழங்காலைப் பார்த்த பிறகுதான் ஊசியை எடுப்பார்.

"இந்தத் தழும்பு எப்படி வந்தது காக்கா?" என்று, அண்ணனை அங்கே அழைக்கும் முறையில் கேட்டேன்.

"அரபு நாட்டுல குதிரை லாயத்துல வேலை செஞ்சன், தம்பி. முதலாளிட மகள்ற சேணத்துல தொடைக்கு முன்னால பெரிய திண்டு. முழங்கால் அதுல முட்டினா கால் நேராத் தொங்காது, முன்னுக்குப் போயிரும். அதுக்கு முதலாளி அந்தப் புள்ளைட கால்லயே சாட்டையால அடிச்சான். 'பிழை கால்ல இல்ல, திண்டுலதான்' எண்டன். அடுத்த அடி என்ட முகத்துல."

"பிறகு?"

"ரத்தம் வடிய வடியத் திண்டை வெட்டி எறிஞ்சன். இன்னும் அடிச்சான். ஆனா புள்ளைட கால் நேரா இறங்கிட்டுது."

அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் வாயைத் திறந்திருப்பேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது.