பெயர் எழுத வேண்டாம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். இதை முதலிலேயே ஒத்துக்கொள்ளாவிட்டால் மேலே எழுதுவதில் அர்த்தமில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். எம்.பி.பி.எஸ். படிப்பை முடித்த பிள்ளைகள் நான்கு நான்கு பேராக வந்து, மூன்று மாதம் பயிற்சி எடுத்துவிட்டுப் போவார்கள். பயிற்சி எப்படி இருக்கிறது என்று அவர்களையே கேட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஒரு தாளில் ஐந்து கேள்விகள் எழுதி ஜெராக்ஸ் எடுத்தேன். ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டேன். எழுதியதைக் காலியான கையுறை டப்பாவில் போட்டுவிடச் சொன்னேன்.

வந்த நான்கு தாள்களிலும் ஒரே பாட்டு. எல்லாம் நன்று, மேடம் அருமையாகச் சொல்லித்தருகிறார், குறை ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் வார்டு சிஸ்டரிடம் காட்டினேன். சின்னமனூர்க்காரர், அந்த ஆஸ்பத்திரியில் எனக்குப் பயப்படாத ஒரே ஆள்.

“பேரு எதுக்கு டாக்டரம்மா? அவுக எழுத்துதான் உங்களுக்கு மனப்பாடமாச்சே. டிஸ்சார்ஜ் சீட்டத் தூக்கிக்கிட்டு, இது எழுத்தா கோழிக்கிறுக்கலான்னு தெனமும் கத்துறது யாரு? பெறகு எப்படி உள்ளத எழுதுவாக?”

சுருக்கென்றது. என் புத்திக்கு இது எட்டவே இல்லை.

அடுத்து வந்த நால்வரிடம், “என்ன எழுதினாலும் திட்ட மாட்டேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லித் தாள்களைக் கொடுத்தேன். அதில் ஒன்று இப்படி இருந்தது: ‘தெரியாததைக் கேட்கப் பயமாக இருக்கிறது. தெரிந்த மாதிரி நடிக்கிறேன். உங்களைக் கூப்பிட ஃபோனை எடுத்துவிட்டு, கூப்பிடாமலே திரும்ப வைத்துவிடுகிறேன். என்னால் யாராவது செத்துப்போவார்கள். இந்த வேலையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லப்போகிறேன்.’

எழுத்து, கடமலைக்குண்டு ஊரிலிருந்து வந்திருந்த பையனுடையது. நால்வரில் அவன்தான் கெட்டிக்காரன். மனசு கேட்கவில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். அவன் நெளிந்தான்.

“மேடம், எழுதுனது நாந்தான். ஆனா சொன்னது நான் இல்ல. எழுத்த வச்சு நீங்க கண்டுபிடிச்சிருவீகன்னு ஒருத்தர் சொல்ல ஒருத்தர் எழுதுனோம்.”

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பது போல!

“அப்ப யாரு சொன்னது?”

“அத மட்டும் கேக்காதீக மேடம்.”

கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. மிச்சமிருந்த மூன்று பேரில் ஒரு பிள்ளை டாக்டர் தொழிலையே விட்டுப் போக நினைக்கிறது. காரணம் நான். யாரென்று தெரிந்தால் தனியாகத் தேற்றலாம். தெரியாதபோது என்ன செய்வது? எல்லோரிடமும் பதமாக நடந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

வாயைக் கட்டுவது லேசான காரியமா என்ன? ‘இதுகூடத் தெரியாதா’ என்று தொண்டை வரை வரும், விழுங்குவேன். காலை ரவுண்ட்ஸில் முதலில் எனக்குத் தெரியாத ஒன்றை நானே சொன்னேன். என் பயிற்சிக் காலத்தில் திராட்சைத் தோட்டத்தில் பூச்சிமருந்தடித்து மயங்கி வந்தவருக்கு, இன்னும் எவ்வளவு போடுவதென்று பெரிய டாக்டரைக் கேட்கப் பயந்து ஊசியைப் பாதியில் நிறுத்தியதையும், சிஸ்டர் ஒருவர் ஓடிப்போய் பெரிய டாக்டரைக் கூட்டிவந்ததால் அந்த மனிதர் பிழைத்ததையும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நாளில் ஃபோன் வரத் தொடங்கியது. “மேடம், எனக்குத் தெரியல, வர்றீகளா?” நால்வரும் கூப்பிட்டார்கள். அதை வைத்தும் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி நாள் பெட்டியோடு சொல்லிக்கொள்ள வந்தார்கள். பொதுவாக எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னேன். “உங்கள்ல ஒருத்தருக்குத்தான் இது. யாருன்னு எனக்குத் தெரியாது. நீ பயந்தது உன் தப்பு இல்ல, என் தப்பு. இந்த வேலைய விட்டுராதப்பா.”

யார் கண் கலங்குகிறது என்று பார்த்துவிடலாம் என்ற சின்ன ஆசையும் எனக்கு இருந்தது. திரும்பிப் பார்த்தேன். நான்கு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.