அத்தான் சுரண்டிய வாத்து

என் அக்காவின் கணவர் தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள் அவரிடம்தான் போவார்கள். காமிராவுக்காக அல்ல, பென்சிலுக்காக. நெகட்டிவில் முகம் விழுந்த இடத்தில் கூராகச் சீவிய பென்சிலால் மெல்லத் தீற்றுவார். தீற்றிய இடம் பிரிண்டில் வெளுத்து வரும். மாநிறப் பெண் சிவப்பாகிவிடுவாள். மூக்குக்கண்ணாடிச் சில்லில் பட்ட வெளிச்சம், ரவிக்கைக்கு வெளியே தெரியும் உள்பாடி நாடா என்று வெள்ளையாக ஏதாவது உறுத்தினால் சிறு கத்தியால் சுரண்டுவார். அது கறுத்து மறைந்துவிடும். பென்சிலைத் துடைத்து எடுக்கலாம். கத்தி தொட்டது தொட்டதுதான்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அக்கா பரிமாறும்போது மட்டும் இருவரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவோம்.

ஐம்பதுகளின் கடைசி அது. மாசி பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும் மலையாளத்துக்காரர்கள் செங்கோட்டை வழியாக வாத்துகளை ஓட்டி வருவார்கள். வயலில் சிந்திய நெல்லை மேய்ந்துவிட்டு அவை இலஞ்சிக் குளத்தில் இறங்கும். எல்லாம் தவிட்டு நிறம், இறகுக்கு இறகு கரும்புள்ளி. அவற்றைத் தண்ணீரில் வைத்து ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்தது. ஆபீஸ் போகும் முன் சைக்கிளில் குளத்துக்குப் போய்விடுவேன்.

முதல் வருஷம் ஒரு படமும் தேறவில்லை. கிழக்குப் பார்த்து எடுத்ததில் தண்ணீர் தகரம்போல மின்னியது, வாத்துகள் மைச்சொட்டுகள். கரைமேல் நின்று எடுத்ததில் முதுகு மட்டும் விழுந்தது. மறு வருஷம் சூரியனை முதுகுக்குப் பின்னால் விட்டு, மலையைப் பார்த்து, ஈரக்கரையில் வயிறு பதியப் படுத்தேன். மலை தண்ணீரில் கருப்பாக விழுந்திருக்க, அதன்மேல் ஒவ்வொரு வாத்தும் செதுக்கினதுபோல் தெரிந்தது. என்னுடையது மேலிருந்து குனிந்து பார்க்கும் காமிரா. அதன் கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும். வாத்து ஒரு பக்கம் போக, நான் காமிராவை மறுபக்கம் திருப்பித் தொலைப்பேன்.

குளிக்க வந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை.

"ஏலே, அண்ணாச்சி வாத்துக்கு மாப்பிள்ளை பாக்காவ!"

"கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, மூஞ்சி உம்முனு இருக்கு!"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சமயம் கூட்டத்தின் நடுவில் ஒரு வாத்து தலையை நீருக்குள் விட்டு, வெளிறிய அடிவயிற்றையும் வாலையும் வானத்துக்கு நீட்டியது. அதைச் சுற்றி வளையம் வளையமாக அலை விரிந்தது. பட்டனை அழுத்தினேன். இரண்டு வருஷமாக நான் தேடியது அந்த வாத்துதான்.

குற்றால சீசனுக்கு ஒரு மன்றத்தார் புகைப்படக் கண்காட்சி வைப்பதாக அறிவித்தார்கள். பிலிமை நானே குளியலறையில் கழுவிவிட்டேன். பெரிதாக்கும் கருவி அத்தானிடம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் போனேன். படத்தை மெருகேற்றுவது எனக்கும் உடன்பாடுதான். கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டு ஒன்றைத் தயாராகக் கொண்டுபோயிருந்தேன். பிரிண்ட் போடும்போது வாத்துகள்மேல் சற்று நேரம் அதன் நிழலைப் பிடித்தால் இறகின் புள்ளிகள் தெளியும்; மேல் மூலைக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கறுக்கவிட்டால் போதும் என்று அவரிடம் விளக்கினேன்.

"இருட்டு ரூம்ல ரெண்டு பேருக்கு இடம் கிடையாது. வச்சிட்டுப் போ மாப்ளே."

"இதைத் தவிர ஒண்ணும் செய்யாதீங்க அத்தான்."

"எனக்கே படிச்சுக் கொடுக்கியோ?"

பிரிண்டை அவரே நேராகக் குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டார். கண்காட்சியில்தான் நான் முதலில் பார்த்தேன். சாரலில் நனைந்த கூட்டம், ஈரத்துண்டும் எண்ணெய் வாடையுமாக அதன் முன்னால் நெருக்கியடித்து நின்றது. வாத்துகள் அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒன்றின் மேலும் ஒரு புள்ளி இல்லை. தலைகீழாக நின்ற என் வாத்து இருந்த இடத்தில் கருப்புத் தண்ணீர். கீழே அட்டையில் யாரோ 'அன்னங்கள்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முதல் பரிசு.

ஒருவர் என்னிடமே கேட்டார்: "இந்த அன்னம் எங்கன சார் இருக்கு? பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போகணும்."

"தென்காசியில ஒரு ஸ்டுடியோவில் இருக்கு" என்றேன்.

பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்தை மேடையிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அத்தான் ஸ்டுடியோ வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"நடுவில இருந்த வாத்து எங்கே?"

"எது, குண்டியைக் காட்டிக்கிட்டு நின்னுதே, அதா? நாலு பொம்பளைக வந்து பாக்கிற இடம்லா! மானமா ஒரு படம் ஆக்கிக் கொடுத்திருக்கேன். பரிசு வாங்கிட்டு வந்து பேசுத பேச்சா இது?"

"நெகட்டிவைக் கொடுங்க."

கொடுத்தார். அன்று இரவே பஞ்சில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்தேன். பென்சில் கரைந்து வந்தது. வாத்துகள்மேல் ஒவ்வொன்றாகப் புள்ளிகள் திரும்பின. நடுவில் மட்டும் பிலிம் கத்திபட்டுக் கண்ணாடியாக இருந்தது. அதில் திருப்பி எடுக்க எதுவும் மிச்சமில்லை.

சில நாளில் அவரே என் வீட்டுக்கு வந்தார். அன்னம் படம் கேட்டு ஆட்கள் வருவதாகவும் நெகட்டிவ் வேண்டுமென்றும் சொன்னார். எடுத்து நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"கண்ணு நோவ நோவ உக்காந்து தீட்டினேன்லே. பூராத்தையும் தொடைச்சிட்டியே, பாவி."

"என் வாத்தைத் திருப்பி வச்சிருங்க அத்தான். உங்க பென்சிலை நானும் திருப்பி வச்சிருதேன்."

நெகட்டிவை மேஜைமேல் எறிந்துவிட்டுப் போனார். அதன் பிறகு எங்களுக்குள் பேச வேண்டியது எல்லாம் அக்கா மூலமாகத்தான் நடந்தது. கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த அன்னங்கள் படம் ஸ்டுடியோ முகப்பில், வெளுத்த மணப்பெண்களுக்கு நடுவே பல வருஷம் மாட்டியிருந்தது. அந்தத் தெருவில் நான் எதிர்ச்சாரியில்தான் நடந்தேன்.

அடுத்த வருஷமும் குளத்துக்குப் போனேன். எந்த வாத்தும் அப்படி நடுவில் வந்து நிற்கவில்லை. துடைத்த நெகட்டிவை மதுரையில் கொடுத்துப் பெரிதாக்கி என் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். தவிட்டு வாத்துகள், புள்ளிகள், மலையின் கருப்பு எல்லாம் சரியாக வந்திருக்கின்றன. வாத்தைச் சுரண்டிய அத்தான் அலையை மறந்துவிட்டார். நடுவில் வளையங்கள் மட்டும் ஒன்றுமில்லாததைச் சுற்றி விரிந்துகொண்டிருக்கும்.

வருகிறவர்கள் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கன கல்லு விழுந்துதா?" என்று கேட்பார்கள்.

"வாத்து" என்பேன்.

"காணோமே?"

"என் அத்தான்கிட்ட கேளுங்க."