நெற்றிக்கு மேல் ஒரு வெள்ளைக் கற்றை

ஹாம்புர்க்கில் நான் ரொட்டி வாங்கும் கடைக்காரப் பெண்மணி, வாரம் தவறாமல் என் தலையைப் பார்த்து "ஷோன்!" என்கிறாள். அழகு என்று பொருள். நெற்றிக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு எனக்குப் பால் வெள்ளையாக முடி. எந்தச் சலூனில் போட்டாய் என்று கேட்டாள். பிறக்கும்போதே இருந்தது என்றேன். சலூன் பெயரை மறைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டாள்.

எங்கள் ஊர் பல்லடத்தில் யாரும் ஷோன் சொன்னதில்லை. பள்ளியில் என் பெயர் சுண்ணாம்புச் சட்டி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிரில் உயிரியல் புத்தகத்தோடு ஓடிவந்து, இது சாபமில்லை, அப்பாவிடமிருந்து வந்தது, என் பிள்ளைக்கும் வரப் பாதி வாய்ப்பு உண்டு என்று அறிவித்தேன். "இதைக் கண்டுபிடிக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சோம்? சாயத்தைப் பூசு கண்ணு" என்றார் அம்மா. ஜெர்மனி வந்த பிறகு பூசுவதை விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு வரன். போனில் பேசிய இரண்டு வாரத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போனது; அதனால் பயமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பல்லடத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் அம்மாவின் போன் திரையில் இருந்தேன்.

"ஏனுங்க, அம்மணி தலையில என்னங்க வெள்ளையா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஜெர்மனி பேஷனுங்க. கல்யாணத்துக்குள்ள கழுவிப்போட்டு வந்துருவா" என்றார் என் அம்மா, கண் இமைக்காமல்.

நாளை பிறக்கும் குழந்தையையும் கழுவச் சொல்வார்களா? "பேஷன் இல்லீங்க, பொறவியிலயே இருக்குதுங்க" என்றேன். சம்பந்தம் போச்சு என்று அம்மாவின் முகம் சொன்னது. வந்தவர்களோ நம்பவில்லை. அப்போது அப்பா தலையிலிருந்த உருமாலை அவிழ்த்தார். அதே இடத்தில் அதே வெள்ளை.

"நீங்களும் ஜெர்மனி போயிருந்தீங்களாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நான் வெள்ளகோயில் தாண்டுனதில்லீங்க. எங்கப்பன் எனக்குக் குடுத்தாரு, நான் புள்ளைக்குக் குடுத்துப்போட்டேன். பேரப்பிள்ளைக்கும் வந்தாலும் வருமுங்க."

மாப்பிள்ளையின் கை மெல்லத் தன் தலைக்குப் போனது. அவருடைய அம்மா பெருமூச்சு விட்டார். "கழட்டுடா. தலையில இருக்கறது பொய்முடிங்க, விக்கு. எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். உங்க புள்ளைக்கு வெள்ளையாவது இருக்குது, இவனுக்கு ஒண்ணுமே இல்லீங்களே! பூ வெச்சுப்போடலாமுங்களா?"

பெண் ஊரில் இல்லாததால், கொண்டுவந்த மல்லிகைச் சரத்தைப் போன் மேல் வைத்தார்கள். ஹாம்புர்க்கில் என் திரை முழுக்கப் பூ. வாசம் மட்டும் பல்லடத்திலேயே நின்றுவிட்டது.