ஒரு சுவருக்கு இடம் விட்ட வீடு

வீடு கட்டித் தரும்படி என்னிடம் வருபவர்களுக்கு முதல் மாதத்தில் நான் ஒரு கோடுகூடக் கிழித்துக் கொடுப்பதில்லை. ஆரணியில் இது பலர் அறிந்த செய்தி. சிலருக்கு எரிச்சலூட்டிய செய்தியும்கூட. கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று, அரசுப் பணியை நிறைவு செய்து, சொந்த ஊரில் இத்தொழிலைத் தொடங்கிய நாள்முதல் எனக்கென்று ஒரு முறை உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் தனித்தனியே அமர்ந்து பேசுவேன். மருமகளிடம் பேசும்போது மாமியார் பக்கத்தில் இருக்கக் கூடாது. தம்பியிடம் பேசும்போது அண்ணன் இருக்கக் கூடாது. கேட்டவை அனைத்தையும் தேவைக் குறிப்பாக எழுதுவேன். ஆனால், எதை யார் கேட்டார் என்று எழுத மாட்டேன். பின்னர் குடும்பம் முழுவதையும் கூட்டி அதை உரக்கப் படிப்பேன். அனைவரும் சம்மதித்த பிறகே வரைபடம்.

பெயரை விட்டுவிடுவதற்குக் காரணம் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒரு மருமகள் தனக்கென்று பூட்டுள்ள அலமாரி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால், அலமாரி வருகிறதோ இல்லையோ, வம்பு வந்துவிடும். அதையே நான் குறிப்பிலிருந்து படித்தால் அது வீட்டின் தேவையாகிவிடும். "இன்ஜினியர் காதுல போட்டா கெணத்துல போட்ட மாதிரி" என்று பெண்கள் பேசிக்கொள்வது என் செவிக்கு எட்டியதுண்டு. கட்டிய வீடுகளைவிட அந்தச் சொல்லையே நான் ஈட்டிய சொத்தாகக் கருதினேன்.

அதை அழித்தவர் என் பள்ளித் தோழர். ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தவரை நெடுங்காலம் 'அவன்' என்றே நினைத்து வந்தேன். இப்போது 'அவர்' என்று எழுதுவதே பொருத்தம்.

அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பட்டுச் சேலை வியாபாரம் செய்தார்கள். கீழே கடையும் மேலே குடியிருப்புமாகப் பெரிய வீடு கட்ட விரும்பினார்கள். மூத்தவர்தான் என் தோழர். ஒரு மாதம் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தேன். என் குடும்பத்தார் சமணர், பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. அதை அறிந்த தோழரின் மனைவி, வெயில் இறங்குமுன் எனக்குச் சாப்பாடு தயாராக வைத்திருப்பார். அத்தனை பழக்கம்.

தம்பியின் கவலை வாடிக்கையாளரைப் பற்றியது. "முகூர்த்த மாசத்துல ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு வேன் ஆளுங்க வர்றாங்கண்ணா. சேலை எடுக்கறது ரெண்டு பேரு. மீதிப் பேரு எல்லாம் பாத்ரூம் எங்கன்னு கேட்டுகினு பூஜை ரூமைத் தாண்டி உள்ள போறாங்க."

தம்பியின் மனைவி கதவோரம் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார். "கடையில எத்தினி பேரு குந்திகினு கீறாங்கன்னு சமையக்கட்டுலேர்ந்து தெரியணுங்க. அவரு 'காபி'ன்னு ஒரு சத்தம் குடுப்பாரு. நாலா நாப்பதான்னு நான் இன்னா ஜோசியமா பாக்கறது?"

சேலையின் நிறம் விளக்கொளியில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரிவதால், பெண்கள் அதைத் தெருவுக்குத் தூக்கிவந்து பார்ப்பார்கள். ஆகவே கடைக்குள்ளேயே பகல் வெளிச்சம் விழும் ஒரு முற்றம் வேண்டும் என்று எழுதிக்கொண்டேன். குறிப்பு மன நிறைவளிக்கும் விதமாக வளர்ந்துவந்தது.

கடைசியாகத் தோழரிடம் பேசினேன். வீட்டில் வேண்டாம், மனைக்குப் போவோம் என்று அழைத்துப்போனார். அவர் மனைவி பிளாஸ்கில் காபி எடுத்துக்கொண்டு உடன் வந்தார். காலி மனையில் வேப்பமர நிழலில் நின்றபடி தோழர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தம்பி தங்கம்பா. அவன் புள்ளைங்கள நம்ப முடியாது. நாளைக்கு நடுவுல ஒரு சொவரு வெச்சா இது ரெண்டு வூடாவணும். ரெண்டு படிக்கட்டு, மேல இன்னொரு சமையக்கட்டுக்குப் பைப்பு, எல்லாம் இப்பவே கணக்குப் பண்ணிடு. யாருக்கும் தெரிய வேணாம்."

"குறிப்புல இல்லாத எதையும் நான் வரையறதில்ல. எழுதினா எல்லார் முன்னாடியும் படிப்பேன்" என்றேன்.

சற்று யோசித்தார். "யாரு கேட்டதுன்னு சொல்ல மாட்டியே?"

"இதுவரைக்கும் சொன்னதில்ல."

"அப்ப எழுது. தம்பி ஏதாச்சும் கேட்டா நான் பேசிக்கறேன்."

காபி ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி இவை அனைத்தையும் கேட்டார்.

குறிப்பைப் படித்த நாளில் உறவினரும் வந்திருந்தார்கள். சந்தவாசலிலிருந்து தாய்மாமன் வந்து நடுவில் அமர்ந்திருந்தார். வாடிக்கையாளருக்குத் தனிக் கழிவறை என்றபோது தலைகள் அசைந்தன. சமையலறையிலிருந்து கடையைப் பார்க்க ஒரு சிறு ஜன்னல் என்றபோது, "இது யாரு கேட்டதுன்னு எனக்குத் தெரியும்" என்று தம்பி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அந்தப் பகுதியைப் படித்தேன். மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள். மேலே இரண்டாம் சமையலறைக்குக் குழாய் வழி. கூடத்தின் நடுவே பிற்காலத்தில் ஒரு சுவர் எழுப்பினால் தாங்கும்படி தரைக்கடியில் உத்திரம்.

சிரிப்பு நின்றது.

"இன்னாங்கண்ணா இது? சொவரா?" என்றார் தம்பி. "யாரு கேட்டது இத?"

நான் தோழரைப் பார்த்தேன். பேசிக்கொள்வதாகச் சொன்னவர் அவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்கு இன்னாப்பா தெரியும்? நான் எதுக்குக் கேக்கப் போறேன்? இன்ஜினியரு பெரிய படிப்பு படிச்சவரு. அவராவே ஏதோ யோசன பண்ணி எழுதிகிறாரு."

தாய்மாமன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "கல்யாணத்துக்குக் கூப்ட்டா, பந்தக்கால் நடறதுக்கு முன்னாடியே ஜீவனாம்சம் எவ்ளோன்னு கேப்பாரு போல கீதே!"

அந்தச் சிரிப்பில் என் தோழரும் கலந்துகொண்டார். அதை நான் மறக்கவில்லை.

"நானா ஒரு வரியும் எழுதறதில்லீங்க. இந்த வீட்ல கேட்டதத்தான் எழுதியிருக்கேன்" என்றேன்.

"அப்ப யாருன்னு சொல்லிடுங்க, பேஜார் முடிஞ்சிடும்" என்றார் தம்பி.

"அத நான் சொல்றதில்ல."

ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால், அன்று ஒரு பெயரைச் சொன்னால், இவ்வூரில் என்னை நம்பி மனம் திறந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் என்றேனும் சொல்லக்கூடியவனாகிவிடுவேன். பிறரைக் காக்க நான் வகுத்த முறை என் வாயைக் கட்டியது. தோழர் அதை நன்கு அறிந்தே அப்படிப் பேசினார்.

உள்ளிருந்து அவர் மனைவி வந்தார். காபி ஊற்றியபடி எல்லாவற்றையும் கேட்ட அதே அம்மையார். தரையைப் பார்த்துக்கொண்டே, "பொழுது சாயுதுங்கண்ணா, சாப்ட்டுடுங்க" என்றார். நான் குறிப்பைப் பாயின் மேல் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

கடைவீதியில் எனக்குப் புதுப்பெயர் வழங்கலாயிற்று: 'கூறு போடற இன்ஜினியர்'. களம்பூரில் ஓர் அரிசி ஆலைக் குடும்பம் என்னோடு அமர்ந்து பேச நாள் குறித்திருந்தது. "வூட்ல வேணாங்கறாங்க சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். சில வீடுகளில் ஆண்கள் மட்டும் வந்து பேசினார்கள். பெண்களைத் தனியே பேசவிட மறுத்தார்கள். அந்த நிலையில் எழுதும் குறிப்பு குறிப்பாகாது. அவ்வேலைகளை நானே மறுத்துவிட்டேன்.

தோழர் வேலூரிலிருந்து வேறொரு இன்ஜினியரை அழைத்து வந்தார். நான் பாயின் மேல் வைத்துவிட்டு வந்த குறிப்பு அவர் கைக்குப் போனது. வீடு எழுந்தது. தேவிகாபுரம் பேருந்தில் போகும்போது பார்த்தேன். பகல் வெளிச்சம் விழும் முற்றம் இருந்தது, கிழக்கில் ஒன்றும் மேற்கில் ஒன்றுமாக இரண்டு படிக்கட்டுகளும் இருந்தன. இரண்டாவது படிக்கட்டு வாஸ்துவுக்காக என்று தம்பியிடம் சொல்லப்பட்டதாம். அதை அவர் நம்பினார், என்னை நம்பவில்லை.

சென்ற ஆண்டு கூடத்தின் நடுவே சுவர் எழுந்தது. கடையும் இரண்டாயிற்று. இனியாவது உண்மை விளங்கும் என்று எண்ணினேன். ஊர் வேறு விதமாகப் பேசியது. "அன்னிக்கே அவரு வாயால வந்துடுச்சி, பலிச்சிடுச்சி" என்றார்கள்.

மறைக்க வேண்டியது இப்போது எதுவும் மிஞ்சவில்லை. ஆயினும் இங்கே நான் எவர் பெயரையும் எழுதவில்லை.

சில வாரங்களுக்கு முன் தோழர் என் வீட்டுக்கு வந்தார். மாடியில் இரண்டாம் சமையலறை அமைக்க வேண்டுமாம். வேலூர்க்காரர் வைத்த குழாய் சரியில்லையாம்.

"அன்னிக்கு நீ நெனச்சது எல்லாம் உனக்குத்தான் தெரியும். ஜல்தியா ஒரு நடை வந்து பாத்துட்டுப் போயிடேன்" என்றார்.

"வரேன். அதுக்கு முன்னாடி, அந்தச் சுவரக் கேட்டது நீதான்னு உன் தம்பி கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வா."

"சொவரே வந்துடுச்சி. அத இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது? உன் பேருக்குத்தான் இன்னா கொறஞ்சி போச்சி? நீ சொன்னது பலிக்குதுன்னு ஊரே சொல்லுது."

மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "பொழுது போவுதுங்க. ரெண்டு பேருக்கும் தட்டு வெச்சிடட்டுமா?"

"ஒண்ணு போதும்" என்றேன், தோழருக்கும் கேட்கும்படியாக.