நீலப் படங்கு

எங்கள் துணிக்கடை மாடியறையின் மேற்கு ஜன்னலில் நான்கு வருஷம் ஒரு நீலப் படங்கு தொங்கியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பனி ஈரமும் தேயிலைக் குச்சிகளின் கீறலும் உடம்பில் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு அது. வயிற்றுப் பக்கத்தில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பழுப்புக் கறை. மேல் ஓரத்தில் கயிறு கோக்க இரண்டு துளைகள். அந்தத் துளைகளை ஆணியில் மாட்டி ஜன்னலை மறைத்திருந்தோம். அதை மாட்டிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த அறை இருட்டியது, எதிர்ச் சுவரில் படம் தெளிவாகத் தெரிந்தது. அதைக் கொண்டுவந்து தந்தவர், கடைக்கு வரும் ஒரு பெண்; நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். முதலில் கழற்றியவன் நான்.

பதுளைக் கடைவீதியில் துணி கிழிக்கிறவனுக்கு வெளிநாட்டுப் படம் எதற்கு என்று அப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பழைய புரொஜெக்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் ஆரம்பித்தோம். நான், வங்கியில் வேலை பார்த்த ஒரு சிங்கள நண்பர், பண்டாரவளையிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு கணித ஆசிரியர். தியேட்டர் பக்கமே வராத படங்களாகத் தேடித் தேடிக் கொண்டுவருவோம். எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். படத்தைக் கொண்டுவந்தவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். முதலில் பேசவிட்டால் அவர் புகழ்ந்து தள்ளுவார், மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள் என்பதால் வங்கி நண்பர் போட்ட சட்டம் அது.

அக்கா மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருந்தார். பதினேழு வருஷம் கொழுந்து பறித்து, முழங்கால் போனதும் வேலையை விட்டு, பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைத்தவர். துணியும் நூலும் வாங்க மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் கடைக்கு வருவார். ஒரு நாள் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடியைப் பார்த்தார். "மேல என்னா தம்பி சத்தம்? சிங்களமும் இல்ல, இங்கிலீசும் இல்ல. ஒரு பொம்பள அழுவுறா." அது மத்திய ஆசியாவில் எங்கோ எடுத்த படம், வந்து பாருங்கள் என்றேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏறிவந்தார். அடுத்த முறை வரும்போது, ஜன்னல் வெயில் படத்தைத் தின்கிறது என்று சொல்லி, அந்தப் படங்கைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தார்.

அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் ஓடும் வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது படத்தில் என் கையைத் தட்டி, "நீங்க சும்மா இருங்க தம்பி, நீங்க பேசுறதுல அவங்க மொகத்தப் பாக்க முடியல" என்றார். அன்றைய படத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி கம்பளி மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவாள். எங்கள் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆசிரியர் உழைப்பு, சுரண்டல் என்று அரைமணி நேரம் பேசினார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது வெறும் மூட்டைங்க. உள்ளுக்குப் பஞ்சு வச்சிருப்பாங்க. பாரம் இருந்தா மொதல்ல கழுத்துதான் சொல்லும். அவ கழுத்து சும்மா நிக்குது." திரும்ப ஓட்டிப் பார்த்தோம். கழுத்து சும்மாதான் நின்றது. அன்றைக்குப் பிறகு நான் எந்தப் படத்திலும் நடிகர்களின் கழுத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. எங்கள் நால்வரில் நிஜமாகவே படம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். இதை அவரிடம் நான் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பிறகு அந்த இயக்குநர் வந்தார். சொந்தக் காசில், சிறிய கமெராவில் தனியாகப் படமெடுக்கும் வெளிநாட்டுக்காரர். சுற்றுலாக்காரர்கள் குவியும் எல்ல என்ற ஊரில் தங்கியிருந்தார். ஒரு கோப்பிக்கடையில் தற்செயலாகப் பேச்சுக் கொடுத்தேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. எனக்குப் பிடித்த படங்களெல்லாம் அவருக்கும் பிடித்திருந்தன. நான் சொல்லத் தொடங்கிய காட்சியை அவர் சொல்லி முடித்தார். உலகத்தில் நமக்கும் ஒரு ஆள் இருக்கிறான் என்று தலைகால் புரியாமல் போய்விட்டது எனக்கு. கிளம்பும்போது அவர் கேட்டார்: தேயிலைத் தோட்டப் பெண் யாரையாவது தெரியுமா? எனக்கு அக்கா முகம் சட்டென்று ஞாபகம் வந்தது. அந்த நொடியை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. நான்கு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்த ஒருத்தரை, தோட்டத்துப் பெண் என்று யாரோ கேட்டவுடன் எடுத்து நீட்டியிருக்கிறேன். தோட்டத்துச் சனத்தைக் கல்லாவுக்கு அந்தப் பக்கமே நிறுத்திப் பழகிய கடைக்காரப் பரம்பரை அல்லவா. எத்தனை நாட்டுப் படம் பார்த்தால் என்ன, புத்தி எங்கே போகும்?

படத்தில் வர அக்கா ஒரு நிபந்தனைதான் வைத்தார். தான் பார்த்த படங்களைப் பற்றிப் பேச வேண்டும். இயக்குநர் சரியென்றார். மாடியறையில் கமெரா முன்னால் ஒரு மணி நேரம் பேசினார் அக்கா. மூட்டையைப் பற்றி, கழுத்தைப் பற்றி, லயத்தில் இதையெல்லாம் பேச ஆளில்லாததைப் பற்றி. அவ்வளவு அழகாக அவர் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. இயக்குநர் பாதியில் ஜன்னலைப் பார்த்து அது என்ன என்றார். படங்கு என்றேன், விளக்கினேன். அவர் கண் பளிச்சிட்டது. நாளைக்கு இதைக் கட்டிக்கொண்டு மலையில் நிற்பாரா என்று கேட்கச் சொன்னார்.

"நான் பறிக்கிறத விட்டு எட்டு வருசமாச்சே தம்பி. மலையில வேற ஆளா இல்ல?"

"நீங்க பேசுனதோட சேத்துக் காட்டத்தான் அக்கா."

"பேசுனது வரும்ல?"

"வரும் அக்கா. அதுதானே முக்கியம்."

முக்காலியில் ஏறிப் படங்கைக் கழற்றினேன். வெயில் உள்ளே பாய்ந்து அக்காவின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டார். வெளிச்சம் அருமை என்றார் இயக்குநர். மறுநாள் பிரப்பங்கூடை வேண்டுமென்றார். தோட்டத்தில் இப்போது பிளாஸ்டிக் கூடையும் சாக்கும்தான். எல்லவில் சுற்றுலாக்காரர்களுக்கு அலங்காரப் பொருள் விற்கும் கடையொன்றில் இரவல் வாங்கி வந்தேன். அக்கா கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றார், சொன்ன திசையில் நடந்தார்.

படம் வெளிவருமுன், அடியில் ஓடும் தமிழ் மொழிபெயர்ப்பு வரிகளைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். அக்கா பேசிய ஒரு மணி நேரத்தில் ஒரு சொல்கூட இல்லை. மூடுபனி, மலை, கூடையோடு அக்கா, பின்னால் யாரோ சோகமாக வாசிக்கும் ஆங்கிலம். கடைசியில் நன்றிப் பட்டியலில் ஆலோசகர் என்று என் பெயர். அக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். என் பெயரையும் எடுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டு எழுத்துப்பிழை திருத்தி, மிக அழகாக வந்திருக்கிறது என்று பதில் அனுப்பினேன். இயக்குநர் மேல் பழி போடுவது சுலபம். அவருக்குத் தமிழ் தெரியாது, அக்கா பேசியதன் அருமை தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும்.

மாடியறையில் அதைப் போட்டுக் காட்டிய ஞாயிறு, அக்கா புதுச் சேலையும் தானே தைத்த ரவிக்கையுமாக வந்திருந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்ததாக மகள் சொன்னாள். ஜன்னலில் மறுபடியும் படங்கை மாட்டிப் படத்தை ஓட்டினேன். ஓடி முடியும்வரை அக்கா தான் பேசப்போகும் இடத்துக்காகக் காத்திருந்தார். பெயர்கள் ஓடத் தொடங்கியபோதுகூட, "இன்னும் இருக்கா தம்பி?" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. வங்கி நண்பர் தரையைப் பார்த்தார். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். கொண்டுவந்தவன் கடைசி என்பதால் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"வெறுங்கூட அது" என்றார் அக்கா. "என் கழுத்தப் பாத்தா தெரியுதே. அவுங்க ஊருல ஒருத்தருக்குமா தெரியல?"

பிறகு என் முறை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்ல வாய் திறந்தேன். "ஒளிப்பதிவு நல்லாயிருக்கு" என்றேன்.

அக்கா எழுந்து, ஆணியிலிருந்து படங்கைத் தானே கழற்றி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மகளோடு படியிறங்கிப் போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு அவர் வரவில்லை. நூலுக்கா பதுளையில் பஞ்சம்? கொஞ்ச நாளில் மற்ற இருவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

சென்ற மாதம் எல்லவில் ஒரு கோப்பிக்கடைச் சுவரில் பெரிய திரையில் அந்தப் படம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், எவ்வளவு பாரம் என்று ஒரு வெளிநாட்டுப் பெண் ஆங்கிலத்தில் உச்சுக்கொட்டினாள். நான் கோப்பியைக் குடித்து முடித்தேன்.

அதே வாரம் பதுளை பஸ் நிலையத்தில் மடுல்சீமை பஸ்ஸுக்குள் அக்காவைப் பார்த்தேன். மடியில் துணிப்பொதி, கண்ணாடி போட்டிருந்தார். அவரே ஜன்னலைத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"படமெல்லாம் பாக்குறீங்களா தம்பி?"

"பாக்குறோம் அக்கா."

"சன்னலுக்கு என்னா கட்டிருக்கீங்க? மூணு மணிக்கு வெயில் வருமே."

"தெர தச்சுப் போட்டாச்சு அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, கழுத்தை. "நல்லதுங்க" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

கடையில் திரைத்துணி பொதி பொதியாகக் கிடக்கிறது. ஒரு துண்டு கிழித்து மாட்ட ஐந்து நிமிஷம் ஆகாது. அந்த இரண்டு ஆணிகளும் அப்படியே இருக்கின்றன. நேற்றும் மூன்று மணிக்கு மாடிக்குப் போனேன். வெயில் நேராக வந்து எதிர்ச் சுவரில் விழுந்திருந்தது.