ஜக்கெட்டுக்குள் தைத்த கடவுச்சீட்டு

என் மகள் ஆறு மாதப் பயிற்சிக்கு ஷாங்காய் போனபோது நான் கொடுத்துவிட்ட சாமான்களில் அவளுக்குப் பிடிக்காதது ஒரு சிறிய துணிப்பை. கடவுச்சீட்டு மட்டும் கொள்ளும். அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் வீடியோவில் என் கண்முன்னே அதை ஜக்கெட்டின் உட்பக்கத்தில் வைத்துத் தைக்கச் சொன்னேன். பையின் வாயையும் சேர்த்து, இரட்டை நூலால். டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. கண்ணை உருட்டினாள், ஆனாலும் தைத்தாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் காலத்தில் அடையாள அட்டை என்றால் உயிர். அது இல்லாதவளைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் இறக்கிவிடுவார்கள், பஸ் போய்விடும். என்னோடு படித்த ஒருத்தியை அப்படித்தான் இறக்கினார்கள். அவள் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை.

பயிற்சி நடக்கும் தொழிற்சாலை ஷாங்காயில் இல்லை, பக்கத்து ஊரான சூஜோவில். அதிவேக ரயிலில் அரை மணித்தியாலம். முதல் நாளே பிந்தி வந்தால் இடம் இல்லையென்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த முதல் நாள் அவளுக்கு மத்தியானம், எனக்கு விடியற்காலை. டென்மார்க்கில், எங்கள் ஊரான சில்க்போர்க்கில், முதியோர் இல்லத்து வேலைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என்னோடு எப்போதும் டெனிஷில் கதைக்கிறவள், தமிழில் கத்தினாள்.

"அம்மா! பாஸ்போட்டைக் காட்டினால்தான் ஸ்டேஷனுக்குள்ள விடுவினமாம். பையின்ர தையல் கழருதில்லை!"

இங்கே ரயிலில் போவதுபோல போனில் டிக்கெட்டைக் காட்டினால் காணும் என்று நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மறுபடியும் ஒரு வாசல், மறுபடியும் வரிசை, தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு பொம்பிளைப் பிள்ளை.

"கத்தரிக்கோல் இல்லையோ?"

"அதெல்லாம் இங்க கொண்டுவரக் கூடாது, அம்மா! ரயில் போகப் போகுது!"

"பல்லாலை கடி!"

"கடிக்கிறன், அறுகுதில்லை!"

"கோதாரி, நூலைக் கடியாதை! முடிச்சு இடப்பக்க மூலையில கிடக்கு, அதைக் கடி! கெதியாக் கடி!"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப எடுத்தேன், போகவில்லை.

பஸ்ஸால் இறங்கி நடந்தேன். ஏரியில் பனிமூட்டம் கிடந்தது. பிள்ளையை விட்டார்களா, பிடித்து வைத்திருக்கிறார்களா? அமைதியான நாட்டில் பிறந்தவளுக்கு என் பயத்தை ஏன் தைத்துக் கொடுத்தேன் என்று என்னையே ஏசினேன். உடுப்பு மாற்றும் அறையில் யூனிபோம் பொத்தான் கைக்கு அகப்படவில்லை.

அப்போது ஒரு படம் வந்தது. ரயில் சீட்டில் கடவுச்சீட்டு, பக்கத்தில் பிய்ந்து தொங்கும் ஜக்கெட் உள்துணி. அதன் கீழே, 'சூஜோ வந்திட்டன்.' நான் உடுப்பு மாற்றுவதற்குள் அவள் அடுத்த ஊரில் நிற்கிறாள். அறையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

வேலை முடிந்து வந்ததும் அவளே வீடியோவில் எடுத்தாள். அறையில் இருந்தாள், நல்லாய்க் களைத்திருந்தாள். ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவள் ஊசியைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, திருப்பித் தைக்கப் போறன். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ."

"ஏன் பிள்ளை? உனக்குத்தான் பிடிக்காதே."

"வாசல்ல பொலிஸ்காரன் கையை நீட்டினவன், அம்மா. எனக்குக் கால் நடுங்கினது. நீங்கள் யாழ்ப்பாணத்தில அந்தச் சாவடியில என்னெண்டு நிண்டிருப்பியள் எண்டு நினைச்சன்."

"வேண்டாம் பிள்ளை. தைக்காதை. பையின்ர வாயை ஒரு ஊக்கால குத்திவிடு, காணும்."

குத்தினாள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்டும் குத்து" என்றேன்.