எழுதாமல் விட்ட பலூன்

என்னுடைய காரில் குண்டு வெடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கிழமை முழுவதும் இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு என் அடையாள அட்டையைத்தான் பார்த்தார்கள். வெடித்தது எயார்பேக். ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைத்திருக்கும் துணிப்பை. கார் எதிலாவது மோதினால் விரிந்து, ஓட்டுபவரின் நெஞ்சைக் காப்பாற்ற வேண்டிய சாமான்.

சண்டை திரும்பவும் மூண்டு, யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்ட காலம் அது. நான் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் தம்பியோடு இருந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தேன். என்னுடைய கார் ஜப்பானில் யாரோ ஓடி அலுத்து, கப்பலில் வந்து, இங்கே இரண்டு கை மாறி என்னிடம் வந்த பழைய வெள்ளைக் கார். நாற்பது வயதுக்குப் பிறகு லைசன்ஸ் எடுத்தவள் நான். பஸ்ஸில் போனால் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கும் ஒவ்வொரு பரியரிலும் இறங்கி, வரிசையில் நின்று, கைப்பையைத் திறந்து காட்டி, திரும்ப ஏறவேண்டும். அந்த மானக்கேட்டைக் கொஞ்சம் குறைக்கத்தான் கார் வாங்கினேன்.

காலி வீதியில் நான் தினமும் தாண்டிப் போகும் சோதனைச்சாவடி ஒன்று இருந்தது. அன்று காலை அங்கே புதிதாக ஒரு கொங்கிரீட் மேடு முளைத்திருந்தது. முதல் நாள் மாலை அது இல்லை. பூச்சும் இல்லை, போர்டும் இல்லை. நான் மெதுவாகத்தான் ஏற்றினேன். காரின் முன்னடி "டக்" என்று அதில் இடித்தது. அடுத்த கணம் முகத்தில் ஓர் அறை. காதுக்குள் கூவென்று ஒரு சத்தம். கார் முழுக்க வெள்ளைப் புகை, கருகின மணம், மாவு போல ஒரு தூள். மூக்குக் கண்ணாடி உடைந்து மடியில் கிடந்தது. மணிக்கட்டு தீயில் வைத்த மாதிரி எரிந்தது.

"போம்பயக்! போம்பயக்!" என்று வெளியே கத்திக் கேட்டது. குண்டாம். புகை கலைய நான் பார்த்தபோது ஐந்தாறு துவக்கு வாய்கள் என்னைப் பார்த்தன. இறங்கச் சொன்னார்கள். கைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். சேலை, தலைமயிர் எல்லாம் வெள்ளைத் தூள். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்தது. அவர்களில் ஒருவராவது "காயமா?" என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது ஐடென்டி கார்ட். அட்டையைப் பார்த்ததும் அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை.

என்னை வீதியோரத்தில் இருத்திவிட்டு நாயொன்றைக் கொண்டுவந்தார்கள். அது காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்து, இரண்டு தரம் தும்மிவிட்டு, வெளியே வந்து படுத்துக்கொண்டது. அந்த இடத்தில் விஷயம் விளங்கிய ஒரே சீவன் அதுதான். பிறகு ஓர் அதிகாரி வந்து, ஸ்டீயரிங்கில் நாக்கைத் தொங்கப்போட்டது மாதிரிக் கிடந்த பையை இழுத்துப் பார்த்து, சிரித்துவிட்டுப் போனார். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பொலிஸுக்குப் போய் ஒரு என்ட்ரி போட வேண்டும் என்றார்கள்.

பொலிஸில் ஒரு சார்ஜன்ட் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். என்னுடைய சிங்களம் சந்தைச் சிங்களம். மீன் வாங்கலாம், ஓட்டோக்காரனோடு சண்டை பிடிக்கலாம், பொலிஸ் வாக்குமூலம் கொடுக்கக் காணாது. "பெலூன் எகக் வகே பிபிருணா" என்றேன். பலூன் மாதிரி வெடித்தது. அதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அவர் எழுதினார். ஒரு பக்கம் நிறைய எழுதினார். புத்தகத்தை என் பக்கம் திருப்பி, "அத்சன் கரன்ன" என்றார். கையெழுத்து வைக்கட்டாம். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பஸ் போர்டில் ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான். "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டேன். "நடந்ததுதான் எழுதியிருக்கிறது, நோனா. வையுங்கள்."

வைத்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வியை முழுக்க வாசிக்காமல் பதில் எழுதினால் கொப்பியை மேசையில் அடித்துப் பேசுகிற ரீச்சர் நான். முகம் எரிய, மூக்கில் கைக்குட்டையோடு, எப்படியாவது வெளியே போனால் போதும் என்று, ஓர் எழுத்தும் வாசிக்காமல் ஒரு பக்கத்துக்குக் கீழே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

காரை நுகேகொடையில் எனக்குப் பழக்கமான கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கேயிருந்த மெக்கானிக் பாஸ் சிங்களவர், அதிகம் கதைக்காத மனிதர். என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். முதல் வேலையாக பற்றரி வயரைக் கழற்றினார். கழற்றியதும் தொடக்கூடாதாம், கொஞ்ச நேரம் சும்மா விட வேண்டுமாம். காத்திருந்த நேரத்தில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். பை மட்டும் மாற்றிக் காணாது; அதை வெடிக்கச் சொல்லும் பெட்டியும் மாற்ற வேண்டும், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சுருளாக ஓடும் வயரும் கருகிப்போய்விட்டது. சில கராஜ்களில் வெறும் மூடியை ஒட்டிவிட்டு, டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு லைட்டின் பல்பைக் கழற்றிவிடுவார்களாம். பார்த்தால் எல்லாம் சரி மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. "நான் அப்படிச் செய்வதில்லை, மிஸ். ஒருகொடவத்தையில் உடைக்கிற கார்களிலிருந்து நல்ல பையொன்று எடுக்கலாம்" என்றார்.

பிறகு பொலிஸில் எனக்குத் தந்த என்ட்ரியின் கொப்பியைக் கேட்டார். அந்தக் காலத்தில் அது இல்லாமல் அடிபட்ட வாகனத்தில் கைவைக்க எந்தக் கராஜும் பயப்படும். கொடுத்தேன். வாசித்தவர் பாதியில் நின்று, பழந்துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார்.

"மிஸ் இதை வாசிச்சீங்களா?"

"இல்லை. கையெழுத்து வைச்சேன்."

அவர் விரலை வைத்துக் காட்டி வாசித்தார். "வாஹனயே பிபிரீமக் சிதுவீ எத." வாகனத்தில் ஒரு வெடிப்பு நிகழ்ந்துள்ளது. அதற்குக் கீழே என் பெயர், அட்டை இலக்கம், வெள்ளவத்தை விலாசம், தமிழ்ப் பெண் என்ற குறிப்பு. எயார்பேக் என்ற சொல் எங்கேயும் இல்லை. மேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் பலூன் மாதிரி வெடித்தது என்று சொன்னேன். சார்ஜன்ட் வெடித்ததை மட்டும் எழுதிவிட்டுப் பலூனை விட்டுவிட்டார்.

"புதுப் பைக்குள்ளேயும் வெடிமருந்து இருக்கு, மிஸ்" என்றார் பாஸ், என்னைப் பார்க்காமல். "இந்தக் கடதாசியையும் வைச்சுக்கொண்டு நான் அதை ஒருகொடவத்தையிலிருந்து பரியர் தாண்டிக் கொண்டுவந்தால், என்னையும் பிடிப்பாங்க. இதை மாத்திக்கொண்டு வாங்க. பிறகு செய்வோம்."

அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. வெடித்தது என்பது எங்களுக்கு எவ்வளவு சாதாரணச் சொல்! தமிழில் டயரும் வெடிக்கும், பஞ்சும் வெடிக்கும், பனிக்கு உதடும் வெடிக்கும். ஆனால் யாருடைய டயர், யாருடைய உதடு என்று பார்த்து அர்த்தம் மாறும் என்று எந்த இலக்கணப் புத்தகத்திலும் நான் படிப்பித்ததில்லை.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். முந்திய வருடம் ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போய், ஒரு காரணமும் சொல்லாமல் இரண்டு கிழமை வைத்திருந்துவிட்டு, ஒரு காரணமும் சொல்லாமல் விட்டார்கள். வந்தபிறகு அவன் அதைப்பற்றி ஒரு சொல்லும் கதைத்ததில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று பொலிஸில் பதிந்த பத்திரத்தில் என் பெயருக்குக் கீழே அவன் பெயர். இப்போது அதே விலாசத்துக்கு நேரே வெடிப்பு என்று எழுதியிருக்கிறது.

"கண்ணாடி வேற உடைஞ்சுபோச்சு. காயம் பெரிசோ அக்கா?" என்று மட்டும் கேட்டான். பிறகு அறைக்குள் போய், ஒரு சின்னப் பையில் துவாய், சாரம், ஒரு சேட், பல் துலக்கும் பிரஷ் எல்லாவற்றையும் அடுக்கிக் கொண்டுவந்து கதவடியில் வைத்தான்.

"என்னத்துக்கடா பை?"

"சும்மா. போன முறை பிரஷ் இல்லாமல் பெரிய கரைச்சலாப் போச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலையில் கோபம் ஏறியது. என் தம்பி பிரஷ்ஷை அடுக்கும்படி என்னுடைய கையெழுத்தே செய்துவிட்டது. அந்தச் சொல்லை அந்தப் புத்தகத்தில் விட்டுவைக்கிறதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கராஜுக்குப் போனேன். வெடித்த பையின் துணியை வெட்டித் தரச்சொன்னேன். பாஸ் வெட்டி, ஒரு சிலிசிலிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தந்தார். "பொலிஸில் எனக்கு வாசிச்சுச் சொல்ல ஓராள் வேணும்" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய்க் கிரீஸ் படாத சேட்டொன்றை மாற்றிக்கொண்டு வந்தார். "வாறேன். ஆனா நான் கதைக்கமாட்டேன், மிஸ்."

பொலிஸில் அதே சார்ஜன்ட் இருந்தார். நான் துணியை அவருடைய மேசையில் விரித்தேன். மிச்சத் தூள் அவர் புத்தகத்தில் கொட்டியது. "இதுதான் வெடித்தது. உங்கள் புத்தகத்தில் இது எங்கே?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சமும் அசையவில்லை. "நோனா நீங்கள்தானே பிபிருணா என்று சொன்னீர்கள்?"

உண்மைதான். சொன்னவள் நான்தான். ஒரு நிமிடம் தோற்றுப்போனேன் என்றே நினைத்தேன். பிறகு, "பலூன் என்றும் சொன்னேன். பலூன் எங்கே?" என்றேன்.

கையெழுத்து வைத்த வாக்குமூலத்தில் ஒன்றும் மாற்ற முடியாது என்றார். அப்படியென்றால் புதிதாக ஒன்று எழுதுங்கள் என்றேன். நாளைக்கு வரச்சொன்னார். நாளைக்கு வந்தால் நாளன்றைக்கு வரச் சொல்வார் என்று தெரியாதவளா நான்? கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவருடைய மேசையிலேயே வைத்து, தமிழில் எழுதத் தொடங்கினேன். அவர்கள் கட்டிய மேட்டில் கார் இடித்தது, எயார்பேக் விரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை, நாய்கூடத் தும்மிவிட்டுப் போய்விட்டது. பதினோரு வரி. திருப்பி அவர் பக்கம் தள்ளி, பேனையையும் வைத்தேன்.

"அத்சன் கரன்ன."

"இது என்ன?"

"நடந்ததுதான் எழுதியிருக்கிறது. வையுங்கள்."

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்தது. "வாசிக்கத் தெரியாத பாஷையில் எழுதினதுக்கு நான் எப்படிக் கையெழுத்து வைக்கிறது?" என்று கத்தினார். பக்கத்து மேசைக் கொன்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்தார்.

"அதைத்தான் நானும் கேட்க வந்தேன்" என்றேன்.

சார்ஜன்ட் புத்தகத்தை இழுத்தார். தூளைத் தட்டிவிட்டு, புதிய பக்கத்தில் எழுதினார். எழுதி முடித்துத் திருப்பியபோது நான் பேனையைத் தொடவில்லை. பாஸ் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். மூன்றாம் வரியில் அவர் விரல் நின்றது. கதைக்கமாட்டேன் என்று சொல்லி வந்த மனிதர் தொண்டையைச் செருமினார். "சேர், எயார்பேக் பிபிருணா என்று நாங்கள் எழுதுவதில்லை. எருணா. விரிந்தது. அதுதான் சரியான சொல்." சார்ஜன்ட் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெட்டி, மாற்றி எழுதினார். அதன் பிறகுதான் வைத்தேன், தமிழில், முழுப்பெயர்.

பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க முடியாதாம். இரண்டு பக்கமும் ஒரே புத்தகத்தில் இருந்தன. எவன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவான் என்று யார் கண்டது?

அந்தக் கிழமைக்குள் பாஸ் ஒருகொடவத்தையிலிருந்து பையைக் கொண்டுவந்து காரில் பூட்டிவிட்டார். பெட்டியும் மாறியது, வயரும் மாறியது. சாவியைத் திருப்பினால் சிவப்பு லைட் எரிந்து, சில விநாடியில் அணைந்தது. பல்பைக் கழற்றி அணைத்ததல்ல, உண்மையாகவே அணைந்தது. பாஸ் அதை எனக்கு மூன்று தரம் செய்து காட்டினார்.

புதிய என்ட்ரியின் கொப்பியை வாங்கிய அன்றைக்கே தம்பியிடம் காட்டியிருந்தேன். அவனுக்கும் வாசிக்கத் தெரியாது. "வாசிச்சுக் கேட்டனீங்களோ?" என்று கேட்டான். "ஓம். ஒவ்வொரு எழுத்தா" என்றேன். அவன் கதவடியில் இருந்த பையைத் திறந்து, துவாயை எடுத்துக் கொடியில் போட்டான். சாரத்தையும் சேட்டையும் எடுத்து அலுமாரியில் வைத்தான். பிறகு பிரஷ்ஷை மட்டும் உள்ளேயே விட்டு, பையைத் திரும்பவும் பூட்டி அதே இடத்தில் வைத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு புது பிரஷ் வாங்கிக்கொண்டு வந்தான்.